நாற்பத்தொன்றாவது டிஸ்க்

பல்கலைக்கழகத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரத்தில் கடிதம் வந்தது. இரங்கல் ஒரு பத்தி, வேலை மூன்று பத்தி. நிருபமா சேகரித்த எல்லாவற்றையும் மார்ச் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும். இன்னொரு மாணவி ஆய்வைத் தொடர்வாள். ஆய்வாளர் இறந்துவிட்டதால், பேசியவர்களிடம் சம்மதத்தைப் புதிதாக வாங்க வேண்டும். அதற்கான படிவம் ஐந்து பிரதி இணைத்திருந்தார்கள். அடியில் பேராசிரியை கையால், அவசரமில்லை என்று எழுதியிருந்தார். மேலே கடைசித் தேதி தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது.

நிருபமா என் மனைவி. போன டிசம்பர் இரண்டாம் தேதி இறந்தாள். மார்பில் கட்டி. முப்பது வயது நிறைய மூன்று வாரம் இருந்தது.

அவள் ஆய்வு பசிபிக் கடலில் பலாவ் என்ற தீவுக் கூட்டத்தில் மக்கள் பேசும் மொழி. அந்தத் தீவுகளை ஜெர்மானியர் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். பிறகு ஜப்பானியர் முப்பது வருடம். பிறகு அமெரிக்கர். ஜப்பானியர் போய் அறுபது வருடம் ஆகியும் அவர்கள் சொற்கள் போகவில்லை. மின்சாரத்துக்கு டெங்கி. விமானத்துக்கு ஸ்கோக்கி. ஆஸ்பத்திரிக்கு பியோயிங். மீன் விற்கிறவளும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அவற்றை ஜப்பான் சொல் என்று நினைக்காமலே பேசுகிறார்கள். ஜன்னல் மட்டும் ஜெர்மானியர் விட்டுப் போனது: பென்ஸ்டர். அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் இங்கே ஜெர்மனியில் உதவித்தொகை வாங்கினாள் என்று நான் கேலி செய்வேன்.

இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில் போனாள். ஜூலையில் வந்தாள். நான் கெல்சென்கிர்ச்சனில் இருந்தேன். டுசல்டோர்ஃபில் மென்பொருள் வேலை. தினமும் ரயில்.

ஜூலையில் வந்த மறுவாரம் டாக்டர் அவளிடம், கட்டியை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். மே மாதம், என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மே மாதம் அவள் தீவில் இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசினோம். என்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அதற்கடுத்து மருந்து. நோயாளியிடம் சண்டை போடக் கூடாது என்று தள்ளிப்போட்டேன். டிசம்பர் வரைக்கும் தள்ளிப்போட்டேன். அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்விதான் வீட்டில் இருந்தது.

அவள் விட்டுப்போனவை மூன்று பெட்டி அட்டைகளும், என் கணினியில் அறுபத்து மூன்று ஒலிக்கோப்புகளும். அந்தக் கோப்புகளில் அவள் குரல் இல்லை. அதற்குக் காரணம் நான்.

பதிவுக்கு மினிடிஸ்க் கருவி எடுத்துப் போயிருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிஸ்க். இடது தடத்தில் பேசுகிறவரின் சட்டையில் குத்திய மைக், வலது தடத்தில் அவளுடையது. துறையின் கணினியில் இடம் குறைவு. ஆய்வுக்கு வேண்டியது தீவுக்காரரின் குரல் மட்டும். அதனால் போவதற்கு முன்பே என்னிடம் ஒரு நிரல் எழுதித் தரச் சொன்னாள். வலது தடத்தை நீக்க வேண்டும். இடது தடத்தில் நீண்ட மௌனம் வந்தால் வெட்டி ஒட்ட வேண்டும்.

"என் குரலைக் கேக்கவே சகிக்கலை தியாகு. தூக்கிப் போட்டுடு."

ஒரு மாலையில் எழுதி முடித்தேன். நன்றாக வேலை செய்தது.

டிஸ்க்குகளை அவள் பத்துப் பத்தாகத் தபாலில் அனுப்புவாள். மினிடிஸ்கைக் கணினியில் சட்டென்று நகலெடுக்க முடியாது. எழுபத்து நான்கு நிமிட டிஸ்க் எழுபத்து நான்கு நிமிடம் ஓட வேண்டும். அது முடிந்ததும் நிரல் வெட்டி, சேமித்து, டிஸ்கை அழித்துவிடும். அழித்த டிஸ்க்குகளை நான் திருப்பி அனுப்புவேன். அவள் அவற்றிலேயே மறுபடி பதிவாள். தீவில் புது டிஸ்க் கிடைக்காது.

முதல் இருபது டிஸ்கை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிச் சொல்லுவேன். உன் கிழவி இந்த வாரம் நல்லாச் சிரிச்சாங்க, பின்னால ஒரு சேவல் விடாமக் கூவுது, உனக்கு ஜலதோஷமா என்பேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏப்ரலில் அலுவலகத்தில் வேலை கழுத்தைப் பிடித்தது. டிஸ்கை ஓடவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு ரயிலேறிவிடுவேன். மாலை வந்து அடுத்ததைப் போடுவேன். கேட்டியா என்று அவள் கேட்டால், ம், தெளிவா இருக்கு என்பேன். எல்லா டிஸ்கும் தெளிவாகத்தான் இருந்தன.

அவள் இறந்த பிறகு ஒரு ஞாயிறு அத்தனை கோப்பையும் போட்டுக் கேட்டேன். பதில்கள் மட்டும் இருந்தன. ஒரு கிழவி பதில் சொல்கிறாள், சிரிக்கிறாள், அடுத்த பதில் சொல்கிறாள். கிழவி பேசும்போதே நிருபமா குறுக்கிட்ட இடங்களில் மட்டும் பின்னால் லேசாக அவள் குரல் கேட்டது. எல்லாவற்றையும் வெட்டி ஒன்றாகச் சேர்த்தேன். நாற்பது விநாடி வந்தது. பெரும்பாலும் 'ம்'. எங்கள் கல்யாண வீடியோவில் முழுக்க சினிமாப் பாட்டு ஒட்டியிருக்கிறார்கள். வேறு எதுவும் இல்லை.

கடிதம் வந்த பிறகு அட்டைகளைக் கோப்புகளோடு சரிபார்க்க உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. சொல், ஜப்பானிய மூலம், ஜெர்மன் பொருள், டிஸ்க் எண், நிமிடம். எல்லாம் அவளுடைய சிறிய ரோமன் எழுத்தில். ஐநூற்றுப் பன்னிரண்டு அட்டை.

பியோயிங் அட்டையில் டிஸ்க் 41, நிமிடம் 17 என்றிருந்தது. அதன் மூலையில் பென்சிலால் ஒரு தமிழ் எழுத்து. தி.

மற்ற ஐநூற்றுப் பதினொன்றிலும் தமிழ் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

நாற்பத்தொன்றைப் போட்டேன். அதில் பேசுவது தொஷிகோ. நிருபமா தங்கியிருந்த வீட்டுக்காரி. எழுபத்தொன்பது வயது. ஜப்பானியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பெயரும் அவர்கள் காலத்துப் பெயர். பாதித் தீவு மொழியும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவாள். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பழைய பியோயிங் எங்கே இருந்தது, யார் கட்டினார்கள், அங்கே பிரசவத்துக்குப் போக எப்படிப் பயந்தார்கள். பிறகு சட்டென்று குரல் மாறுகிறது. நிரல் வெட்டி ஒட்டிய இடம். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம்.

தண்ணீர் குடி. இன்றைக்குச் சொற்கள் போதும். எப்போது போய்ச் சேரும்?

அதோடு கோப்பு முடிகிறது.

என் நிரல் எதை வெட்டினாலும் அதை ஒரு பட்டியலில் எழுதும். நானே வைத்த ஏற்பாடு. பட்டியலைத் திறந்தேன். டிஸ்க் 41, பதினேழாம் நிமிடத்திலிருந்து, பதினோரு நிமிடம் இருபது விநாடி. காரணம்: பேச்சு இல்லை. அறுபத்து மூன்று டிஸ்கிலும் அவ்வளவு நீளமான வெட்டு வேறு இல்லை. சாதாரணமாக ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

பதினோரு நிமிடம் தொஷிகோ பேசாமல் இருந்திருக்கிறாள். நிருபமா பேசியிருக்கிறாள். அந்த டிஸ்கை அழித்துத் திருப்பி அனுப்பினேன். அது ஜூனில் ஐம்பத்தெட்டாவது டிஸ்காக வந்தது. அதில் சந்தையில் மீன்களின் பெயர்.

மறுநாள் மாலை, பதிவுகளில் பேசிய ஐந்து பேருக்கும் ஆங்கிலத்தில் கடிதம் தட்டச்சு செய்தேன். நிருபமா காலமாகிவிட்டார், இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். உறைகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தபோது கீழ்வீட்டுச் சந்திரகாந்தி அக்கா வந்தார்.

யாழ்ப்பாணப் பக்கம் புங்குடுதீவுக்காரர். இங்கே ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. நிருபமா பலாவ் போவதற்கு முன் மைக்கைச் சோதிக்க அவரைத்தான் பேச வைத்தாள். அவர் தீவில் புழங்கும் ஒல்லாந்தர் சொற்களைச் சேர்த்தார்கள். அலுவலகத்துக்குக் கந்தோர், மேசை இழுப்பறைக்கு லாச்சி, பிறகு கக்கூசு. குந்துறதுக்கும் ஒல்லாந்தன் வந்துதான் காட்டவேண்டிக் கிடந்ததோ என்று அக்கா கேட்க, குந்துறது உங்களோடது அக்கா, அறை மட்டும்தான் அவனோடது என்று நிருபமா சொல்ல, இரண்டு பேரும் சிரித்ததில் அந்தப் பதிவு உதவாமல் போயிற்று. அந்த டிஸ்கையும் அழித்தாயிற்று.

அக்கா இடியப்பத்தை அடுப்படியில் வைத்துவிட்டு உறைகளைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இதென்ன தம்பி. செத்தவீட்டைக் கடுதாசியிலை சொல்லுறதோ?"

"அஞ்சு பேருக்கு அக்கா. ரொம்ப தூரம்."

"மற்ற நாலு பேரை விடுங்கோ. அந்த மனுசி உங்கட பெஞ்சாதியை அஞ்சு மாதம் வைச்சுச் சோறு போட்டவ. அவவுக்கு வாயாலை சொல்லவேணும். எங்கட சனம் கனடாவிலை கிடந்தாலும் ஒவ்வொருத்தருக்கா போன் எடுத்துத்தான் சொல்லும்."

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாது என்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. எடுத்தால் வாயிலை வரும். ஏலாதெண்டால் நான் பக்கத்திலை நிக்கிறன்."

வேண்டாம் என்றேன். அவர் தொஷிகோவின் உறையை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். காகிதம் போடும் கூடையில், சரியாகப் பிரித்து. இடியப்பத்தை ஆற விடாதேங்கோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தேன். அங்கே மாலை ஆறு. எண் எனக்கு மனப்பாடம். ஐந்து மாதம் ஞாயிறுதோறும் சுற்றிய எண்.

தொஷிகோ எடுத்தாள். பெயரைச் சொன்னேன். ஜெர்மனி தியாகு, என்றாள். சந்தோஷமாக இருந்தது அவள் குரல். பின்னால் சேவல் கூவியது. நிருபமா எப்படி இருக்கிறாள், பியோயிங் போனாளா என்று கேட்டாள்.

இறந்துவிட்டாள் என்றேன். வேறு வாக்கியம் வரவில்லை.

ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, எந்தத் தேதி என்று கேட்டாள். சொன்னேன். யாருடனோ தீவு மொழியில் பேசினாள். ஒரு பெண் அழுகிற சத்தம் வந்தது, தொஷிகோவின் அழுகை அல்ல.

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சம்மதம், எல்லாவற்றுக்கும் சம்மதம், என்றாள். அவள் வேலை வீணாகக் கூடாது. நான் நன்றி சொன்னேன். அத்தோடு வைத்திருக்கலாம்.

நாற்பத்தொன்றாவது டிஸ்கில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினீர்களே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

இருக்கிறது என்றாள். அவள் ஆங்கிலம் மெதுவாக வரும். அதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அன்று காலைதான் நிருபமா கொரோர் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். தொஷிகோதான் கூட்டிப்போனாள். டாக்டர் உடனே ஊருக்குப் போகச் சொன்னார். மத்தியானம் வழக்கம்போல மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பியோயிங் என்ற சொல் வந்ததும் நிருபமா நிறுத்தினாள். கருவியை நிறுத்தவில்லை. அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"என்ன பேசினாள்?"

"உங்கள் மொழியில் பேசினாள். எனக்கு ஒரு சொல்தான் புரிந்தது. உன் பெயர். ஏழெட்டுத் தடவை சொன்னாள். நான் சத்தம் போடாமல் இருந்தேன்."

என்னிடம் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஏழு மாதமாக வைத்திருந்த கேள்வி. கேட்கும்போது சாதாரணமாக இருந்தது.

இரண்டு ஞாயிறு முயன்றாள், போனில் வரவில்லை, என்றாள் தொஷிகோ. அதனால் கருவியில் சொன்னாள். டிஸ்க் எல்லாம் என் கணவன்தான் கேட்கிறான், ஒன்று விடாமல் கேட்கிறான், உங்கள் சேவலைக்கூடக் கேட்கிறான் என்று சொன்னாள். எப்போது போய்ச் சேரும் என்று நான் கேட்டேன். பன்னிரண்டு நாள் என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளும் விரலில் எண்ணினாள்.

"பிறகு?"

"ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவாய். அவள் உள்ளே வந்து, இன்றைக்கும் சொல்லவில்லை என்பாள்."

"என்ன சொல்லவில்லை?"

"வா என்று. அவன் வா என்றால் மறுநாளே போய்விடுவேன் என்றாள். நீ சொல்லவில்லை. அவனுக்கும் வேலை முடிய வேண்டும்போல, கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவன் பயப்படவில்லை என்றுதான் அர்த்தம், நானும் பயப்படக் கூடாது என்றாள். ஒரு தடவை மட்டும் அழுதாள்."



தொஷிகோ மறுபடி சொன்னாள். "எனக்கு வயதாகிவிட்டது, தப்பாகச் சொல்லலாம். அவளே உன்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அதில் இருக்கும். போட்டுக் கேட்டுக்கொள்."

சரி என்றேன்.

போனை வைத்துவிட்டு இடியப்பப் பாத்திரத்தைக் கழுவினேன். ஜூலை ஒன்பதாம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் அவள் வந்து இறங்கியது நினைவுக்கு வந்தது. மெலிந்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நாற்பத்தொண்ணு வந்துச்சா?"

"எல்லாமே வந்துச்சு. ஏத்திட்டேன்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும் என்றாள். எதுக்கு என்றேன். என்னைப் பார்த்தாள்.

"எதுக்குன்னு கேக்கறியா?"

பயணக் களைப்பு என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். பிறகு கொலோன் வரைக்கும் தூங்கினாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள்.

மே கடைசியில் அந்த டிஸ்க் வந்தது. அவள் வந்தது ஜூலை ஒன்பது. ஆறு வாரம். தொஷிகோவிடம் பேசிய மறுவாரம் என் குடும்ப டாக்டரிடம் போனபோது, ஆறு வாரம் முன்னால் என்றால் மாறியிருக்குமா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். தூக்க மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் தூங்குகிறேன்.

பாத்திரத்தோடு இறங்கும்போது மாடிப்படியில் சந்திரகாந்தி அக்கா நிறுத்தினார்.

"சொல்லிப்போட்டீங்களோ?"

"சொல்லிட்டேன் அக்கா."

"பாத்தீங்களே. வாயாலை சொன்னால்தான் மனம் கொஞ்சம் இறங்கும்." என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னவ?"

"சம்மதம்னு சொன்னாங்க."

அக்கா இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றார். பிறகு பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். ஞாயிறு வேறு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பினேன். நான்கு பக்கம். கோப்புகளின் எண்ணிக்கை, அட்டைகளின் எண்ணிக்கை. பியோயிங் அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எண்ணிக்கை குறையும். மூலையிலிருந்த எழுத்தை அழிக்காமல் அதன் இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மூலப் பதிவிலிருந்து ஏதாவது நீக்கப்பட்டிருந்தால் குறிப்பிடவும். மற்ற வெட்டுகள் சின்னவை, அவற்றுக்கு நிரலின் பட்டியலை அச்செடுத்து இணைத்தேன். இதைக் கையால் எழுதினேன்.

டிஸ்க்: 41. இடம்: பதினேழாம் நிமிடம். நீளம்: பதினோரு நிமிடம் இருபது விநாடி. பேசுபவர்: நிருபமா தியாகராஜன். மொழி: தமிழ்.

நீக்கியவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பட்டியலில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். பேச்சு இல்லை.

தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.